பொருந்தாத புள்ளி

— சுத்தி வளைக்காதீங்க மேடம். பிளேன் திரும்பவும் வடக்கே போகுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

— அதை முடிவு பண்ணத்தான் உங்க ரெண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டேன். வழக்கமா உறவுக்காரங்களைக் கடல் மீட்புக் கன்ட்ரோல் ரூமுக்குள்ள விடமாட்டோம், வெளி பெஞ்சோட சரி. உக்காருங்க பெரியவரே.

— என் தம்பி தண்ணியில கிடக்கான். எனக்கு எதுக்கு நாற்காலி?

— உக்காருங்க பெரியத்தான். அக்கா சொல்றதைக் கேப்போம். அவங்களும் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடல. பொட்டலம் பிரிக்காம அப்படியே கிடக்கு பாருங்க.

— நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேம்மா. முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், மறைக்க விரும்பல. பிளேன்ல இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் எண்ணெய் இருக்கு. போயிட்டு வந்தா வெளிச்சம் போயிடும். இன்னைக்கும் கிடைக்கலைன்னா நாளையிலிருந்து பிளேன் கிடையாதுன்னு மேலேயிருந்து சொல்லிட்டாங்க. போற வர்ற கப்பலுக்கெல்லாம் பார்த்துக்கிட்டே போங்கன்னு சொல்லி வைப்போம். அவ்வளவுதான்.

— அப்படின்னா கைகழுவிட்டீங்க.

— கழுவல. ஒரு தடவைதான் அனுப்ப முடியும், அதைச் சரியான இடத்துக்கு அனுப்பணும்ங்கிறேன். அதுக்கு உங்க ரெண்டு பேர்கிட்டயும் கேக்க வேண்டியது இருக்கு. இந்தத் திரையைப் பாருங்க.

— மண் தூவின மாதிரி இருக்குக்கா.

— ஒவ்வொரு துகளும் ஒரு விடைம்மா. சொல்றேன் கேளு. படகு நின்ன இடம். அதோட நீரோட்டம் இழுத்த தூரம். அதோட காத்து தள்ளின தூரம். மூணையும் கூட்டினா உன் வீட்டுக்காரர் இப்ப இருக்கிற இடம் வரும். பள்ளிக்கூடத்துக் கணக்குதான். ஆனா பள்ளிக்கூடத்துல ஏதாவது ஒண்ணுதான் தெரியாம இருக்கும், மத்ததெல்லாம் கொடுத்திருப்பாங்க. இங்க எதுவுமே உறுதியாத் தெரியாது.

— எதுவுமே தெரியாம எப்படிக் கணக்குப் போடறது?

— ஒவ்வொண்ணும் இதுக்குக் குறையாது, இதுக்கு மேல போகாதுன்னு ஒரு எல்லை வெச்சுக்கணும். அதுக்குள்ள மாத்தி மாத்திப் போட்டு ஆயிரக்கணக்கான தடவை அந்தப் படகைக் கம்ப்யூட்டருக்குள்ள மிதக்க விடணும். ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி விழும். எந்த இடத்துல புள்ளி அடர்த்தியா இருக்கோ, அவர் அங்க இருக்க வாய்ப்பு அதிகம். பிளேனை அங்க அனுப்பணும்.

— அப்ப இது எல்லாமே அவரா?

— எல்லாமே அவர் இருக்கக்கூடிய இடம்.

— வீட்டுல ஒருத்தரா இருந்தார். இங்க எத்தனை பேரா இருக்கார் பாருங்க.

— கண்ணைத் துடைச்சுக்கம்மா. இதெல்லாம் வேடிக்கை பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஏன் மேடம், இந்தக் கம்ப்யூட்டர் என்னைக்காவது கடலுக்குப் போய் வாந்தி எடுத்திருக்கா?

— கம்ப்யூட்டர் எடுத்ததில்ல. நான் எடுத்திருக்கேன். அதனாலதான் என்னை ரூமுக்குள்ள உக்கார வெச்சுட்டாங்க.

— பேச்சுக்குச் சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்களும் ரெண்டு நாளா சும்மா இல்ல. துறையில இருக்கிற படகு பூராவும் கடல்லதான் நிக்குது. காத்து தெக்கேயிருந்து அடிச்சுது. காலிப் படகு, எஞ்சின் நின்னா வடக்கேதான் போகும். எனக்கு அதைச் சொல்ல மெஷின் வேண்டாம்.

— மெஷினும் அதைத்தான் சொல்லுச்சு. பத்துக்கு எட்டுப் பங்கு வடக்கேதான் விழுந்துச்சு. நேத்து முழுக்க அங்க தேடினோம், இன்னைக்குக் காலையிலும் தேடினோம். நேத்து கடல் அமைதியா இருந்துச்சு. அந்த பைலட் ஒரு தக்கை மிதந்தாலும் கண்டுபிடிக்கிற ஆள். அவ்வளவு தேடியும் இல்லைன்னா, அங்க இருக்கிறதுக்கான எடை குறையணும். ஒரு இடத்துல எடை குறைஞ்சா இன்னொரு இடத்துல ஏறும். அது எங்க ஏறுதுங்கறதுதான் இப்பக் கேள்வி.

— விளங்கலக்கா.

— வீட்டுல சாவி தொலைஞ்சா அலமாரியிலதான் இருக்கும்னு நினைப்போம். அலமாரியை ரெண்டு தடவை கவுத்துப் போட்டுப் பார்த்தாச்சு. மூணாவது தடவையும் அலமாரியையே பார்ப்போமா?

— பார்க்க மாட்டோம். துணி துவைக்கப் போட்ட இடம், கடைக்கு எடுத்துட்டுப் போன பை, நாம நினைக்காத இடமாப் பார்ப்போம்.

— அதேதான். இங்க கீழே வலப்பக்கம், தனியா ஒரு சிவப்புப் புள்ளி இருக்கு பார்த்தியா? அது கம்ப்யூட்டர் போட்டது இல்ல. நேத்து ராத்திரி ஒரு சரக்குக் கப்பல்காரங்க சொன்னது. கிழக்கே கப்பல் பாதைக்கு வெளியில தண்ணி மட்டத்துல ஒரு சின்ன வெளிச்சம், அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுதாம். பெரிய கப்பல், நிக்கறதுக்குள்ள வெகு தூரம் தள்ளிப் போயிடுச்சு. திரும்பி வந்து பாத்தப்போ காணோம்.

— அது எதையாவது பார்த்திருப்பான் மேடம். அலையில நிலா பட்டாக்கூட டார்ச் மாதிரிதான் தெரியும்.

— நேத்து நிலா ஏது பெரியவரே?

— சரி, நட்சத்திரம். எதுவோ ஒண்ணு. அந்தப் பக்கம் அவன் போயிருக்கவே முடியாது.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். நீங்க கொடுத்த இடத்துல ஆரம்பிச்சா, எந்தக் காத்துலயும் எந்த நீரோட்டத்துலயும் ஒரு தனிப் படகு அங்க போய்ச் சேராது. ஒரு தடவைகூடச் சேரல. அதனால ‘பொருந்தாத புள்ளி’ன்னு எழுதி ஓரமா வெச்சுட்டேன். இன்னைக்குக் காலையில வடக்கே இல்லைன்னு பைலட் சொன்னதும் அதைத் திரும்பக் கையில எடுத்தேன். புள்ளி தப்பு இல்லாம, நான் மிதக்க விட்ட படகு தப்பா இருந்தா?

— படகு எப்படி மேடம் தப்பாகும்? அது என் கண்ணு முன்னால கட்டின படகு.

— அந்த வெளிச்சம் உங்க தம்பிதான்னு வெச்சுக்கிட்டு பின்னாடி போனேன். எப்படி இருந்திருந்தா அவர் அங்க வந்திருப்பார்? ரெண்டு விஷயம் மாறினா கணக்கு சேருது. ஒண்ணு, படகு நின்ன இடம் நீங்க வலை போட்டதாச் சொன்ன வலைக்காடு இல்ல. அதுக்கு நல்லா கிழக்கே. ரெண்டு, படகு காத்துக்குத் துள்ளிக்கிட்டுப் போகல. ஏதோ ஒரு பெரிய பாரத்தை இழுத்துக்கிட்டு, நடக்க முடியாதவங்க மாதிரி மெதுவா நீரோட்டத்தோட போயிருக்கு.

— வலையை விட்டு இழுத்திருப்பான்.

— வலை உங்க படகுல ஏறி வந்துடுச்சுன்னு முதல் நாளே சொன்னீங்க.

— ஆமா. காத்து கூடிக்கிட்டு வந்துச்சு. வலையை என் படகுல ஏத்தினோம். கிளம்புடான்னேன். மிதவை ரெண்டு மூணு அறுந்து போகுது, பொறுக்கிட்டுப் பின்னாலயே வர்றேன் அண்ணேன்னான். அப்பப் பார்த்ததுதான்.

— யாரோட மிதவை?

— யாரோடதா இருந்தா என்ன? அவனுக்கு அதெல்லாம் ஒரு பைத்தியம்.

— ஒண்ணு சொல்லட்டுமாக்கா? யார் மிதவை அறுந்து வந்தாலும் எடுத்துட்டு வந்து துறையில கம்பத்துல கட்டிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். படகோ மிதவையோ, நீலம் பூசினது நம்ம கரை, பச்சை பூசினது அக்கரை. பச்சையையும் சேர்த்துத்தான் கட்டுவார். எதுக்கு உங்களுக்கு ஊர்ப் பொல்லாப்புன்னு நானே சண்டை போட்டிருக்கேன். மிதவைக்கு எந்தக் கரைன்னு தெரியுமாடின்னு சிரிப்பார்.

— அக்கரைன்னா, கழிமுகத்துக்கு அந்தப் பக்கமா?

— அந்தப் பக்கம்தான். அந்தத் திருட்டுக் கூட்டத்தைப் பத்தி இப்ப என்ன பேச்சு? போன மழைக்கு என் வலையை நீளவாட்டுல அறுத்துப் போட்டவனுங்க. அவனுங்க பச்சையைப் பார்த்தாலே எனக்குப் பித்தம் ஏறும்.

— பேச்சு இருக்கு பெரியவரே. அவர் வலைக்காட்டுல இருந்து கிழக்கே போயிருக்கார்னா, வீட்டுக்கு எதிர்ப்பக்கமாப் போயிருக்கார். காத்து கூடிக்கிட்டே இருக்கு, தனி ஆளு, வீடு மேற்கே இருக்கு. ஒரு மனுஷன் எதுக்கு அப்படிப் போவார்?

— யாராவது கூப்பிட்டிருப்பாங்க.

— நீ சும்மா இரும்மா.

— வேற எதுக்குப் பெரியத்தான் போவார்? மீனுக்கா? வலைதான் உங்ககிட்ட வந்துடுச்சே.

— நானும் அங்கதான் வந்து நிக்கறேன். இழுத்துக்கிட்டு வந்த பாரம் என்னவா இருக்கும்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்தேன். நங்கூரம், கயிறு, டிரம் எதுவும் சேரல. தண்ணி நிறைஞ்ச இன்னொரு படகைக் கட்டி விட்டேன். சேர்ந்துடுச்சு. அவ்வளவு அழகா இந்த ரெண்டு நாள்ல எதுவும் சேரல.

— எந்தப் படகு? நம்ம துறையில எல்லாப் படகும் இருக்கு. நான் எண்ணிப் பார்த்தவன்.

— நம்ம துறையில இருக்கு. கப்பல் பாதை ஓரமா வலை போடறது அக்கரைக்காரங்கதான். போடக்கூடாத இடம், மாட்டினா படகைப் பறிச்சுடுவோம். அதனால காணாமப் போனாலும் நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க, அவங்களே தேடிப்பாங்க. காலையில அவங்க சங்கத் தலைவருக்குப் போன் பண்ணினேன். உங்க படகு ஏதாவதுன்னு ஆரம்பிச்சேன். எல்லாம் கரையிலதான் இருக்குன்னார். நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லிட்டார்.

— கரையிலதான் இருக்குன்னா இருக்கு. விடுங்களேன்.

— உங்களுக்கு எதுக்கு இவ்வளவு வேர்க்குது?

— ஃபேன் கீழே உக்காந்தாலும் வேர்க்கும், மேடம். ரெண்டு நாள் தூக்கம் இல்ல. கேட்டுக்கங்க, அக்கரைக்காரன் முங்கினா இக்கரைக்காரன் பார்த்துட்டுத் திரும்பிப்பான். இக்கரைக்காரன் முங்கினா அவனும் அப்படித்தான். எங்கப்பன் காலத்துலயிருந்து அப்படித்தான். நீங்க வேணா உங்க ஆபீஸ் பேப்பரையெல்லாம் புரட்டிப் பாருங்க.

— புரட்டிப் பார்த்தேன். ஒரு கரைப் படகு மறு கரைப் படகுக்கு உதவப் போனதா ஒரு வரிகூட இல்ல. அதனாலதான் இந்த விடைக்கு நான் கொடுத்த எடை, இருக்குன்னும் சொல்ல முடியாத எடை. நடக்காத விஷயம்னு ஒதுக்கிட்டேன்.

— எழுதி வைக்கலைன்னா நடக்கலைன்னு ஆயிடுமாக்கா? அவர் மிதவை கட்டினதை யாராவது எழுதி வெச்சாங்களா? நல்லது பண்றவங்க எந்த ஆபீஸ்ல வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் பண்ணுவாங்க?

— நியாயமான கேள்வி.

— எனக்கு உங்க கணக்கு தெரியாது. எங்க வீட்டுக்காரரைத் தெரியும். அக்கரையில ஒரு வீட்டுக்கு அவர் யாருக்கும் சொல்லாம போயிட்டு வந்துட்டுத்தான் இருந்தார். எந்த வீடுன்னு பெரியத்தானுக்கே தெரியும், அவர் தலைமுழுகின வீடு.

— அந்தப் பேச்சை இங்க எடுக்காதே.

— எடுக்கல. யாராவது கூப்பிட்டா போவார்னு சொல்ல வந்தேன். நீங்க எடை ஏத்திப் போடுங்கக்கா.

— போடறேன். போட்டாலும் ஒரு சிக்கல் இருக்கும்மா. ஒரு கணக்கு, அதுல தெரியாதது ரெண்டு. அவர் எங்க போய் அந்தப் படகைக் கட்டினார், எவ்வளவு நேரத்துல கட்டினார். இதுல ஒண்ணு மாறினா மத்ததும் மாறும். விடை ஒரு இடமா வரல, நீளமா ஒரு பட்டையா வருது. பிளேன் அதுல கால் பங்கைத்தான் பார்க்க முடியும். எந்தக் கால் பங்குன்னு தெரியாம அனுப்பினா, கண்ணைக் கட்டிக்கிட்டு ஊசி தேடற கதைதான். எனக்கு ஒரே ஒரு இடம் வேணும். உதவி கேட்ட படகு எங்கேயிருந்து கேட்டுச்சு?

— அது கடவுளுக்குத்தான் தெரியும்.

— கடவுளுக்கும், அந்த நேரத்துல வயர்லெஸ் செட் ஆன்ல வெச்சிருந்தவங்களுக்கும். எங்க செட்ல அது பிடிக்கல. சின்ன செட்டா இருந்திருக்கும், தூரம். உங்க தம்பிகிட்ட இருந்தது கையில வெச்சுக்கிற செட்தானே?

— ஆமாக்கா. தூரத்துலேயிருந்து பேசறது நல்லாக் கேக்கும். ஆனா அவர் பேசினா பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் போகும்.

— அவர் கேட்டிருந்தா, அவருக்குப் பக்கத்துல அதே கடல்ல இருந்த இன்னொரு செட்டும் கேட்டிருக்கணும். பெரியவரே, நீங்க வீட்டுக்குத் திரும்பறப்போ உங்க செட் ஆன்ல இருந்துச்சா?

— பேட்டரி தீர்ந்துடுச்சு.

— எப்போ தீர்ந்துச்சு?

— எப்பவோ. அதையெல்லாம் மணி பார்த்துக்கிட்டா இருப்பாங்க?

— பெரியத்தான், நீங்க கரை ஏறினப்போ நான் துறையிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். வீட்டு செட்லேருந்து உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லைன்னதும் துறைக்கு ஓடி வந்துட்டேன். நீங்க இறங்கினதும் உங்க படகுல ஏறிப் பார்த்தேன். உங்க செட்டுல இருந்தாவது அவரைக் கூப்பிடலாம்னு. பொத்தானைத் திருப்பினதும் பச்சை விளக்கு எரிஞ்சுது.

— நீ ஏன் அதை இவ்வளவு நேரமாச் சொல்லல?

— எதுக்குச் சொல்லணும்க்கா? பெரியத்தான் களைச்சுப் போய் அணைச்சிருப்பார்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன்.

— பெரியவரே.

— இருங்க மேடம். தண்ணி கொடுங்க கொஞ்சம்.

— இந்தாங்க. மெதுவாக் குடிங்க. பெரியத்தான், நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க என்ன சொன்னாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன். இன்னைக்கும் கேக்க மாட்டேன், அவர் வந்தாலும் கேக்க மாட்டேன், வராமப் போனாலும் கேக்க மாட்டேன். என் பிள்ளைங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். எங்கேன்னு மட்டும் சொல்லுங்க.

— உனக்கு என் மேல கோபம் வரலையா?

— அதுக்கு நேரம் இல்லியே, பெரியத்தான். வெளிச்சம் போய்க்கிட்டிருக்கு.

— கப்பல் பாதையில சிவப்பு விளக்கு மிதவை இருக்கில்ல மேடம், அதுக்குத் தெக்கே. அதுல இருந்து மணல் திட்டு ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் பாதி தூரம். தண்ணி ஏறுது, எஞ்சின் நின்னுடுச்சு, திட்டு மேல போய் மோதப் போறோம்னு எங்க வீட்டு சேனல்லயே கேட்டுச்சு.

— எப்போ?

— தம்பியை விட்டுட்டுக் கிளம்பினேன் இல்லியா, கொஞ்ச நேரத்துலயே. வலைக்காட்டு எல்லையைக்கூடத் தாண்டல. திரும்பிப் பார்த்திருந்தா தம்பி படகு தெரிஞ்சிருக்கும்.

— ஒரு நிமிஷம். போடறேன். சிவப்பு மிதவைக்குத் தெக்கே, திட்டுக்குப் பாதி. அவர் எஞ்சின் ஓட்டத்துக்கு அங்க போய்ச் சேர இவ்வளவு நேரம். கட்டி இழுக்க ஆரம்பிச்சிருப்பார். தண்ணி நிறைஞ்ச படகு, எஞ்சின் தாங்கியிருக்காது. சரி, ஓடு. ஓடட்டும்.

— கேட்டதும் அணைச்சுட்டேன் மேடம். முழுசாக்கூடக் கேக்கல. அக்கரையிலேருந்து ஆளுங்க வந்து பார்த்துப்பாங்கன்னு நினைச்சேன். எவனாவது பார்த்துப்பான்னு. இந்த ரெண்டு நாளும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன், இந்நேரம் கரை சேர்ந்திருப்பாங்கன்னு. தம்பி கையிலயும் ஒரு செட் இருக்கு, அவனும் கேட்டுக்கிட்டிருப்பான்னு எனக்குத் தோணவே இல்ல. சத்தியமாத் தோணல. நீங்க ரெண்டு படகுன்னு சொன்னப்போதான்...

— அவர் உங்களையும் கூப்பிட்டிருப்பார், பெரியத்தான்.

— கூப்பிட்டிருப்பான். அண்ணே வா, ரெண்டு படகாப் போனா சுலபமா இழுத்துடலாம்னு கூப்பிட்டிருப்பான். நான்தான் அணைச்சுட்டேனே.

— விழுந்துடுச்சு. பாருங்க. பட்டை இல்ல இப்ப, ஒரு கைப்பிடி. அந்த சிவப்புப் புள்ளி அது நடுவுல வந்து உக்காருது. நேத்து ராத்திரி வெளிச்சம் இங்க, இன்னைக்கு இந்நேரம் இங்க இருக்கணும். பைலட்டுக்கு அனுப்பறேன். ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க... ஆமா, கிழக்கே. தெரியும், நேத்து வேண்டாம்னு சொன்னது நான்தான். இப்ப வேணும்னு சொல்றேன். ரெண்டு படகு சேர்ந்தாப்புல தேடுங்க. தாழ்வாப் போங்க.

— எவ்வளவு நேரமாகும் அக்கா?

— போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகும். நீ அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சு அவருக்குக் கொடு. அவரும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

— எனக்கு வேண்டாம்.

— ஒரு வாய் போதும் பெரியத்தான். உங்க தம்பி வந்து, அண்ணனுக்கு என்ன கொடுத்தேன்னுதான் முதல்ல கேப்பார். எனக்குப் பதில் வேணும் இல்லியா?

— நீயெல்லாம் எப்படிம்மா இப்படி...

— சாப்பிடுங்க. நான் அந்த ஜன்னல்கிட்ட நிக்கறேன். கொஞ்சம் வேண்டிக்கணும்.

— பெரியவரே, மெல்லச் சொல்லுங்க, அவங்களுக்குக் கேக்க வேண்டாம். உங்க தம்பி நல்லா நீந்துவாரா?

— மீன் மாதிரி. ஆனா ரெண்டு நாள் ஒரு கரண்டி குடிதண்ணிகூட இல்லாம எந்த மீனும் தாங்காது மேடம். குடிதண்ணி கேனை அவன் அன்னைக்குக் காலையிலயே என் படகுல மாத்திட்டான். உனக்கு மாத்திரை போடணும் அண்ணே, நீ வெச்சுக்கன்னு.

— இருங்க. பேசறாங்க... சொல்லுங்க. எங்கே? திரும்பச் சொல்லுங்க.

— அக்கா?

— ரெண்டு படகு. கட்டியிருக்கு. கயிறு தெரியுதாம். பின்னால இருக்கிறது முக்கால்வாசி தண்ணிக்குள்ள, பச்சைப் படகு. முன்னால இருக்கிறது நீலம். ஆட்கள் எல்லாம் நீலப் படகுலதான் இருக்காங்க. கை காட்டறாங்க.

— கடவுளே. அவரா? அவர் கை காட்டறாரா?

— மேலேயிருந்து முகம் தெரியாதும்மா. இரு, இன்னொரு சுற்று வர்றாங்க. மூணு பேர். ஒருத்தர் நிக்கறார், ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. மூணு பேரும் உயிரோட. பிளேன்லேருந்து தண்ணி கேனைப் போட்டாங்க, அவங்க எடுத்துட்டாங்க. மீட்புப் படகுக்கு இடம் சொல்லியாச்சு. இருட்டற நேரத்துக்கு அங்க போயிடும். அதுக்கு முன்னால யார் யார்னு தெரியாது, அவங்க செட்டெல்லாம் செத்துப் போச்சு.

— மூணு பேர்னா, அவரும் அந்தப் பச்சைப் படகுல இருந்த ரெண்டு பேரும். அப்படித்தானேக்கா?

— பச்சைப் படகுல எத்தனை பேர் இருந்தாங்கன்னு தெரியணும்மா. பெரியவரே, செட்ல ஏதாவது சொன்னாங்களா?

— மூணு பேர்.

— என்னது?

— ‘மூணு பேர் இருக்கோம்’னான்.

— நீங்க முழுசாக் கேக்கலைன்னு சொன்னீங்களே. ரெண்டா இருக்குமா?

— மூணு, மேடம். அது வரைக்கும் கேட்டேன்.

— அப்ப அவரோட நாலு. மூணு பேர்தான் தெரியறாங்க. நான் பைலட்டைத் திரும்பக் கேக்கறேன்... படகு அடியில படுத்திருக்காங்களா பாருங்க. பச்சைப் படகு மேல? சுத்தி? ...இல்ல. சரி. தேடிக்கிட்டே இருங்க, எண்ணெய் இருக்கிற வரைக்கும்.

— நாலுல மூணு பேர் இருக்காங்க. அதுல அவரும் இருக்கலாம் இல்லியாக்கா?

— இருக்கலாம்.

— உங்க கணக்குல எவ்வளவு?

— நாலுக்கு மூணு. இதுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம்மா. ஆனா நான் ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைக்காதே.

— இப்பத் திரும்ப ஜன்னல்கிட்ட போய் நின்னேன். சாமிகிட்ட கேக்க முடியலக்கா. அந்த மூணுல எங்க வீட்டுக்காரர் இருக்கணும்னு கேட்டா, இல்லாமப் போனது அவங்க வீட்டுல ஒருத்தரா இருக்கட்டும்னு கேக்கறதா ஆயிடுது. அங்கேயும் ஒருத்தி துறையில நின்னுக்கிட்டுத்தானே இருப்பா? எப்படி வேண்டிக்கறதுன்னே தெரியல.

— நாலு பேருக்கும் சேர்த்து வேண்டிக்க. பிளேன் இன்னும் அங்கதான் இருக்கு.

— சரிக்கா. அவங்க வீடுகளுக்கும் யாராவது சொல்லணுமே. ரெண்டு நாளா எதுவும் தெரியாம இருப்பாங்க.

— அதைத்தான் இப்பச் செய்யப் போறேன். அந்தத் தலைவருக்கே போன் பண்றேன், படகைப் பறிக்க மாட்டோம்னு சொல்லி. ஆனா யார் யார் வீடுன்னு தெரியணும். பெரியவரே, இன்னொண்ணும் கேக்கணும். அந்தக் குரல் வந்தது உங்க குடும்பம் பேசிக்கிற சேனல்ல. அக்கரைக்காரங்களுக்கு அது எப்படித் தெரிஞ்சது? கூப்பிட்டவர் பேர் சொன்னாரா?

— பேர் சொல்லல மேடம். ‘அப்பா, நான்தான்’னு மட்டும் சொன்னான்.